தேடும் பக்கத்தைத் திறப்பது: இண்டெக்ஸ் பட்டையின் வரலாறும் நம் ஜமாஅத் பதிவேடுகளும்

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று மதரஸாப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே விடை வரும்: அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றிய வசனம் அது. தவணையைக் குறிப்பிட்டு எழுதவேண்டும்; எழுதுபவர் நீதியுடன் எழுதவேண்டும்; தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்கக் கூடாது; சாட்சிகள் வேண்டும் என்று அது விரிவாகப் பேசுகிறது. சாட்சியம் உறுதிப்படவும் ஐயம் எழாமல் இருக்கவும் இதுவே ஏற்றது எனக் காரணத்தையும் சொல்கிறது. அந்தக் காரணம் நிறைவேற வேண்டுமானால், எழுதப்பட்டது தேவைப்படும் நாளில் கண்ணுக்குத் தென்பட வேண்டும்.

நம் மஹல்லாக்களில் எழுதுவதற்குக் குறைவில்லை. பள்ளிவாசல் அலுவலக அலமாரியில் நிகாஹ் தஃப்தர்கள் வரிசையாக நிற்கும். ஆனால், முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு திருமணத்தின் பதிவு வேண்டுமென்று ஒரு தாய் வந்து நின்றால், ஆண்டு சரியாக நினைவில்லை என்றும் சொன்னால், அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்கோ வாரிசுச் சான்றிதழுக்கோ அந்தப் பதிவு வேண்டியிருக்கும். அல்லது எழுதப்பட்ட மஹர் எவ்வளவு என்பதில் வழக்கு இருக்கும். பதிவு உண்டு, ஆனால் எடுக்க முடியவில்லை என்றால், அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை அது இல்லாததற்குச் சமம்தான்.

இந்தக் கட்டுரை ஒரு மிகச் சிறிய பொருளைப் பற்றியது. ஏட்டின் ஓரத்தில் படிப்படியாக வெட்டப்பட்டோ நாக்குப்போல் நீட்டிக்கொண்டோ இருக்கும், எழுத்தோ எண்ணோ தாங்கிய துண்டு. கடையில் போய் ‘இண்டெக்ஸ் நோட்டு’ என்று கேட்டால் கொடுப்பார்களே, அதன் ஓரத்தில் இருப்பது. ஃபைலுக்குள் பிரிவுகளைக் காட்டும் அட்டையின் ஓரத்தில் இருப்பதும் அதுவே. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நம் முன்னோர்களுக்குப் பெரும் பங்குண்டு; நம் விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசிக்கும் ஓர் இடமுண்டு.

முஸ்ஹஃபிலிருந்தே தொடங்கலாம். தொடக்க கால முஸ்ஹஃபுகளில் வசனங்களுக்கு எண் கிடையாது. பின்னர் ஐந்து வசனங்களுக்கு ஒரு குறி, பத்து வசனங்களுக்கு ஒரு குறி என்று ஓரங்களில் இடப்பட்டன. இது எல்லாருக்கும் உடன்பாடாக இருக்கவில்லை. இறைவசனத்தோடு வேறெதுவும் கலந்துவிடக் கூடாது என்ற அச்சத்தால், பத்து வசனக் குறியை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விரும்பவில்லை என்று முஸ்ஹஃப் வரலாற்று நூல்கள் அறிவிக்கின்றன. அந்த அச்சம் நியாயமானது. அதற்கு மரியாதை செய்யும் வகையில்தான் குறிகள் எழுத்தின் வரிக்குள் நுழையாமல் ஓரத்துக்கு ஒதுங்கின. பொன்னிறப் பதக்கங்களாக, சிறு பூக்களாக அவை ஓரத்தில் மலர்ந்தன. அழகுக்காக வரைந்தவை என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் ஓதுபவரின் கண் சட்டென்று சென்று நிற்பதற்காக ஏற்பட்ட அடையாளங்கள் அவை.

பகுப்புகளும் அப்படியே. ஒரு வாரத்தில் ஓதி முடிக்க ஏழு மன்ஸில்கள். ஒரு மாதத்தில் முடிக்க முப்பது ஜுஸ்வுகள். ஏழாகப் பிரித்து ஓதும் வழக்கம் ஸஹாபாக்கள் காலத்திலேயே இருந்ததை அபூதாவூத் தொகுப்பிலுள்ள ஓர் அறிவிப்பு காட்டுகிறது. இந்தப் பகுப்பைச் சிலர் நூலின் உடலாகவே ஆக்கினார்கள். எகிப்தில் ஹிஜ்ரி 704–705இல், அதாவது கி.பி. 1304 முதல் 1306க்குள், பைபர்ஸ் அல்ஜாஷன்கீர் என்பவருக்காக எழுதப்பட்ட முஸ்ஹஃப் ஏழு தனித்தனித் தொகுதிகளாக இருக்கிறது. இன்று அது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. நம் ஊர்களில் கத்தம் ஓதும் வீடுகளுக்குப் பள்ளிவாசலிலிருந்து கொண்டுவரும் முப்பது ஜுஸ்வுப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஜுஸ்வு. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கத்தையும் தேட வேண்டியதில்லை.

துணைக்கண்டத்தில் அச்சான முஸ்ஹஃபுகளின் ஓரத்தில் ‘ஐன்’ எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அது ருகூஉக் குறி. அதன் மேலே ஓர் எண், நடுவே ஓர் எண், கீழே ஓர் எண் இருக்கும். மேலுள்ளது அந்த அத்தியாயத்தில் அது எத்தனையாவது ருகூஉ என்பது. நடுவிலுள்ளது அந்த ருகூஇல் எத்தனை வசனங்கள் என்பது. கீழுள்ளது அந்த ஜுஸ்வில் அது எத்தனையாவது என்பது. நகத்தளவு இடத்தில் மூன்று செய்திகள். அட்டவணைக்கலை படிப்பவர்களுக்குப் பாடமாக வைக்கத் தக்க அமைப்பு இது. வாழ்நாள் முழுவதும் ஓதியவர்களில் பலருக்கும் இந்த மூன்று எண்களின் பொருளை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். இன்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

முஸ்ஹஃபுக்கு வெளியேயும் தேடிக் கண்டடையும் கலை வளர்ந்தது. நூல்களை நிறுத்தாமல் படுக்க வைத்து அடுக்கியதால், அந்நாளைய எழுத்தர்கள் நூலின் பெயரைத் தாள்களின் அடி விளிம்பில் எழுதினார்கள். அடுக்கிய நிலையிலேயே எது எந்த நூல் என்று படிக்கலாம். ஒரு பக்கத்தின் கடைசியில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லை எழுதி வைத்தார்கள்; தாள் இடம் மாறினால் கட்டுபவர் கண்டுகொள்வார். ஹிஜ்ரி 377இல், கி.பி. 987 வாக்கில், பக்தாதின் இப்னு நதீம் தாம் அறிந்த நூல்களையெல்லாம் பட்டியலிட்டு எழுதிய நூலுக்கு ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ என்றே பெயர். அட்டவணை என்று பொருள். நூலின் ஒரு பிரிவை அரபியில் ‘பாப்’ என்கிறோம். அந்தச் சொல்லுக்கு வாசல் என்பது பொருள். புகாரி இமாமின் ஹதீஸ் தொகுப்பு நெடுகிலும் இத்தகைய வாசல்கள்தாம். வேண்டிய வாசலில் நுழைந்தால் வேண்டிய ஹதீஸ்.

ஐரோப்பியர் வேறொரு வழியில் சென்றார்கள். அவர்களுடைய தேவாலய நூல்களில் ஆண்டுதோறும் அதே நாளில் அதே பக்கத்தைத் திறக்க வேண்டியிருந்தது. ஆகவே தாளின் ஓரத்தில் தோலையோ, முடிச்சிட்ட தோல் தாளையோ தைத்து வெளியே நீட்டிவிட்டார்கள். இன்றைய இண்டெக்ஸ் பட்டைக்கு நேர் மூதாதை அதுவே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய ஆங்கில அகராதிகளின் விளிம்பில் விரல் நுழையும் பிறைவடிவக் குழிகளை வெட்டத் தொடங்கினர். அதே காலத்தில் அலுவலகத் தாள்கள் பெருகின. 1886இல் ஜெர்மனியின் பான் நகரத்து ஃப்ரீட்ரிஷ் சோனெக்கன் தாளில் துளையிடும் கருவிக்கும், துளையிட்ட தாள்களைக் கோத்து வைக்கும் உறைக்கும் காப்புரிமை பெற்றார். பத்தாண்டு கழித்து, 1896இல், ஸ்டுட்கார்ட்டின் லூயி லைட்ஸ் நெம்புகோலால் திறந்து மூடும் ஃபைலைக் கொண்டுவந்தார். நம் கடைகளில் பாக்ஸ் ஃபைல் என்று விற்கப்படுவது அதன் வழித்தோன்றல். தமிழனுக்கு இது புதுமையன்று. பனையோலையில் துளையிட்டுக் கயிறு கோத்துப் பலகைக்கிடையே கட்டிய சுவடியும் அவிழ்த்துக் கோக்கக்கூடிய ஏடுதானே.

சிவகாசி இந்த வரலாற்றில் நுழைந்தது தீப்பெட்டியின் வழியாக. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டு திரும்பிவந்து ஊரில் தொடங்கினார்கள். மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த கரிசல் நிலம் குச்சி காயவும் மருந்து காயவும் ஏற்றதாயிருந்தது. பட்டாசுத் தொழிலும் அந்த வறட்சியை நம்பியே வளர்ந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பல வண்ண லேபிள்கள் வேண்டும். வெளியூரில் அச்சடித்துத் தருவிப்பதைவிட உள்ளூரிலேயே அடிப்பது நன்று என்று கல்லச்சுக் கூடங்கள் எழுந்தன. ஈரக் காற்றில் தாள் உப்பி நீளும். ஒரு வண்ணத்தின்மேல் மறு வண்ணம் சரியாகப் பொருந்தாது. சிவகாசியின் உலர் காற்று அச்சுக்கும் துணைநின்றது. லேபிளுக்குப் பிறகு காலண்டர், பிறகு நோட்டுப் புத்தகம், கணக்குப் பேரேடு, டைரி என்று தொழில் கிளைத்தது. ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டன்று அடுத்த ஆண்டுக் காலண்டரின் மாதிரிகளை வெளியிடுவது அங்கே வழக்கம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரித் தாளில் ஆங்கிலத் தேதிக்கும் தமிழ்த் தேதிக்கும் பக்கத்தில் ஹிஜ்ரிப் பிறையையும் சேர்த்து அச்சடிக்கிறார்கள்.

இண்டெக்ஸ் பட்டை அந்த ஊருக்கு எளிதாக வாய்த்ததற்கு ஒரு காரணமுண்டு. பட்டாசுப் பெட்டிக்கான அட்டையை வேண்டிய வடிவத்தில் வெட்டி மடிப்புக் கோடு போட, எஃகுத் தகட்டை வளைத்துப் பலகையில் பொருத்திய வெட்டச்சு ஒன்று வேண்டும். தொழிலில் அதை ‘டை’ என்பார்கள். அந்த டையைச் செய்யத் தெரிந்த கை, இண்டெக்ஸ் பட்டைக்கான டையையும் செய்துவிடும். நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையாக இருந்தால், விரல் படும் ஓரத்தில் முதலில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்படும். பின்னர் டை வெட்டும். முதல் பட்டை மேலே, அடுத்தது சற்றுக் கீழே, அதற்கடுத்தது இன்னும் கீழே என ஒவ்வொரு நிலைக்கும் தாள் வேறு. எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் அடுக்க வேண்டும். ஒரு தாள் இடம் மாறினாலும் அந்தக் கட்டு முழுவதும் வீண். படிப்படியாக வெட்டும் இண்டெக்ஸ் நோட்டில் வேலை வேறு வகை: தாள்களைக் கணக்கிட்டுப் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் ஓரத்தையும் அதற்குரிய எழுத்து வரும் இடம்வரை வெட்டி எடுக்க வேண்டும்.

வடிவமைப்பு என்பது இங்கே எளிய கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கைச் செய்யாமல் விட்டால் பட்டை பயன்படாது. ஒரு முஸ்ஹஃபை எடுத்துக்கொள்வோம். உயரம் 20 சென்டிமீட்டர். மேலும் கீழும் ஒவ்வொரு சென்டிமீட்டர் விட்டால் எஞ்சுவது 18. முப்பது ஜுஸ்வுக்கும் ஒரே வரிசையில் பட்டை வைத்தால் ஒன்றுக்கு 6 மில்லிமீட்டர். எண்ணை எழுதலாம், விரல் வைக்க முடியாது. பதினைந்தாக இரண்டு வரிசை வைத்தால் 12 மில்லிமீட்டர், பரவாயில்லை. பத்துப் பத்தாக மூன்று வரிசை வைத்தால் 18 மில்லிமீட்டர். முதியவர் விரலும் தயங்காது. 1, 11, 21 ஆகிய மூன்றும் ஒரே உயரத்தில் மேலே நிற்கும். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு நிறம் கொடுத்தால் குழப்பமில்லை. ரமளானை முதல் பத்து, நடுப் பத்து, கடைசிப் பத்து என்று எண்ணிப் பழகிய நமக்கு இதைவிட இயல்பான பகுப்பு வேறென்ன வேண்டும்?

உஸ்மான் தாஹாவின் கையெழுத்தில் மதீனாவின் மன்னர் ஃபஹ்து அச்சகம் வெளியிடும் முஸ்ஹஃபில் 604 பக்கங்கள். பக்கத்துக்கு 15 வரிகள். ஒவ்வொரு ஜுஸ்வும் ஏறத்தாழ 20 பக்கம். இரண்டாம் ஜுஸ்வு 22ஆம் பக்கத்தில் தொடங்கும், மூன்றாவது 42இல், முப்பதாவது 582இல். ஹிஃப்ழு செய்யும் பிள்ளைக்குப் பட்டையே வேண்டாம். எண்ணைச் சொன்னால் பக்கத்தைச் சொல்லிவிடுவான். பட்டை மற்றவர்களுக்காக. அகராதியில் வெட்டுவதுபோல் பிறைக்குழி வெட்டுவது இங்கே சரிப்படாது. நம் நாட்டு முஸ்ஹஃபுகளில் ருகூஉக் குறியும் ஸஜ்தாக் குறியும் வெளி ஓரத்தில்தான் இருக்கின்றன. குழி அவற்றை வெட்டிவிடக்கூடும். வெளியே நீட்டும் பட்டையே ஏற்றது. ஆனால் அத்தியாயப் பெயர்களோடு விற்கப்படும் ஒட்டுப் பட்டைகளை வாங்கும்போது பசையைக் கவனியுங்கள். மலிவுப் பசை சில கோடைகளில் மஞ்சளாகக் கசிந்து இரண்டு பக்கங்களை ஒன்றாக ஒட்டிவிடும். பிரித்தால் எழுத்து கிழியும்.

முஸ்ஹஃபில் இவ்வளவு கவனம் செலுத்திய சமுதாயம், மனிதர்களின் உரிமைகள் எழுதப்பட்ட பதிவேடுகளில் அந்தக் கவனத்தைக் காட்டவில்லை என்பது என் எண்ணம். கடையில் கிடைக்கும் ஆங்கில எழுத்து இண்டெக்ஸ் நோட்டை வாங்கி, ஏ முதல் இசட் வரை பெயர்களை எழுதத் தொடங்குகிறோம். இருபத்தாறு எழுத்துக்கும் சம அளவுத் தாள். ஓராண்டில் ஏ, எம், எஸ் ஆகியவை நிரம்பி வழிகின்றன. எக்ஸ் கன்னியாகவே கிடக்கிறது. மேலும் ஆங்கில எழுத்தில் நம் பெயர்கள் நிலைத்து நிற்பதில்லை. காதர் கே எழுத்திலும் இருப்பார், கியூ எழுத்திலும் இருப்பார். உஸ்மான் யூ எழுத்திலா, ஓ எழுத்திலா என்பது எழுதியவரின் மனநிலையைப் பொறுத்தது.

தமிழில் எழுதினால் சிக்கல் தீருமா? அதுவும் முழுமையாக இல்லை. தமிழெழுத்து 247 என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் சொல்லுக்கு முதலில் வரக்கூடியவை உயிர் பன்னிரண்டும், பத்து மெய்களின் உயிரேறிய வடிவங்களும் என்று நன்னூல் வரையறுக்கிறது. ஆக 22 பிரிவுகள். ரகரமும் லகரமும் அவற்றில் இல்லை. பழைய தமிழ் வாத்தியார் எழுதிய ஏட்டில் ரஹ்மான் ‘இரகுமான்’ ஆகி இகரத்தில் இருப்பார்; லத்தீஃப் ‘இலத்தீபு’ ஆகி அவருக்குப் பக்கத்தில் இருப்பார். அடுத்து வந்த எழுத்தர் ரகரத்திலேயே எழுதினார். ஷாஹுல் ஹமீது ஓர் ஏட்டில் ‘சாகுல் அமீது’. ஜைனப் ‘சைனம்பு’. ஃபாத்திமா, பாத்திமா, பாத்திமுத்து மூவரும் ஒருவரே ஆகலாம், ஆகாமலும் போகலாம். அரபுத்தமிழில் எழுதியபோது இந்தத் தொல்லை இல்லை. பெயர் அதன் அரபு எழுத்தில் அசையாமல் நின்றது. அந்த எழுத்தைப் படிப்பவர் அருகிவிட்ட இன்று அது ஏக்கத்துக்கே உதவும்.

எனவே பட்டையை அச்சடித்த பிறகு பெயரைப் பொருத்தக் கூடாது. பெயர்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் பட்டையை வெட்டச் சொல்ல வேண்டும். ஒரு மஹல்லாவின் பழைய தஃப்தரில் இருநூறு பெயர்களை எடுத்து முதலெழுத்துவாரியாகக் கோடு போட்டு எண்ணினால் ஒரு மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். ச, ஸ, ஷ மூன்றையும் ஒரே பட்டையில் வைக்கலாம்; ப, ஃப ஒன்றாக; ர, ல ஒன்றாக. இகரத்தில் எழுதப்பட்ட இரகுமான்களுக்கு அங்கேயே ‘ரகரத்தில் காண்க’ என்று ஒரு வரி. ஆண்டைக் கொண்டு பிரிப்பவர்கள் ஹிஜ்ரியா ஆங்கில ஆண்டா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் வேறுபாடு. முப்பத்திரண்டு ஆங்கில ஆண்டுகளில் முப்பத்து மூன்று ஹிஜ்ரி ஆண்டுகள் ஓடிவிடும். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் அரசிடம் பதிய வேண்டும் என்றான பிறகு, ஜமாஅத் தஃப்தரின் தேதியும் அரசுப் பதிவின் தேதியும் ஒத்திருக்க வேண்டிய தேவை கூடியிருக்கிறது.

வக்ஃப் ஆவணங்களின் கதை இன்னும் அவசரமானது. 2025ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டத்தைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஜூன் மாதம் உமீத் என்னும் இணையத் தளம் திறக்கப்பட்டது. வக்ஃப் சொத்து விவரங்களை ஆறு மாதத்துக்குள் அதில் ஏற்ற வேண்டும் என்று காலக்கெடு வந்தது. சட்டத்தைப் பற்றி அவரவர்க்குக் கருத்து உண்டு. இங்கே பேச்சு அதுவன்று. காலக்கெடு என்ற ஒன்று வந்த நாளில், தாத்தா காலத்து வக்ஃப் பத்திரம் எந்தப் பெட்டியில் எந்தக் காகிதத்துக்கு அடியில் இருக்கிறது என்பதுதான் முத்தவல்லியின் முன்னே நின்ற கேள்வி. மூலப் பத்திரம், பட்டா, சிட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், வழக்குத் தாள்கள் என எட்டுப் பட்டை கொண்ட ஒரு ஃபைல் ஒவ்வொரு சொத்துக்கும் இருந்திருந்தால் அது ஒரு பிற்பகல் வேலை.

அத்தகைய ஃபைலை அமைப்பவர்கள் கவனிக்க வேண்டிய சில அளவுகள் உண்டு. ஏ4 தாள் 297க்கு 210 மில்லிமீட்டர். இரண்டு துளைகளுக்கு இடையே 80 மில்லிமீட்டர், துளையின் விட்டம் 6, ஓரத்திலிருந்து துளையின் நடுவுக்கு 12 என்பது உலகத் தர அளவு. சிவகாசியில் துளையிட்டது துபாயில் வாங்கிய ஃபைலிலும் பொருந்துவது அதனால்தான். பிரிவு அட்டை உள்ளே வைக்கும் தாளைவிட ஒன்றரைச் சென்டிமீட்டராவது அகலமாக இருக்க வேண்டும். இல்லையேல் பட்டை வெளியே தெரியாது. பிளாஸ்டிக் உறையில் தாளை இட்டால் உறையே தாளைவிட அகலம். அதற்கும் மேல் அட்டை நீள வேண்டும். எட்டுப் பட்டைகளுக்கு உயரத்தைப் பங்கிட்டால் ஒன்றுக்கு 37 மில்லிமீட்டர். ‘வில்லங்கச் சான்று’ என்று சுருக்காமல் முழுவதும் எழுதலாம். பைத்துல்மால் கணக்குக்குப் பன்னிரண்டு மாதப் பட்டை போட்டாலும் ஒன்றுக்கு 24 மில்லிமீட்டருக்குக் குறையாது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மூலப் பத்திரத்தில் துளை போடாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். உறையில் வையுங்கள், துளை உறைக்குத்தான்.

வாசகரின் நேரத்தைச் சேமிப்பதை நூலகத்தின் ஐந்து விதிகளுள் நான்காவதாக வைத்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அந்த ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். பென்ஷன் அலுவலகத்துக்கும் பள்ளிவாசலுக்கும் இடையே அலையும் ஒரு விதவையின் நேரமும் வாசகரின் நேரம்தான்.

இனி மகரத்தின் சிக்கல். நம் தஃப்தர்களில் எல்லாப் பட்டைகளையும் சரிப்படுத்தினாலும் ‘ம’ வீங்கிக்கொண்டே இருக்கும். முஹம்மது என்று தொடங்காத ஆண்பெயர்களைத் தேட வேண்டியிருக்கிற ஊர்கள் உண்டு. முகமது, முஹம்மத், மொகமது என்று எழுத்து வேறுபாடும் சேர்ந்துகொள்ளும். சிலர் எம் என்று இனிஷியல் போட்டுவிட்டு அடுத்த பெயரில் பதிந்துவிடுகிறார்கள். இதே சிக்கல் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்கு வந்தது. ஹதீஸ் அறிவிப்பாளர்களின் பெயர்களையெல்லாம் திரட்டி ‘அத்தாரீகுல் கபீர்’ என்னும் பெருநூலை எழுதிய இமாம் புகாரி (ரஹ்) அவர்களுக்கு. ஹிஜ்ரி 256இல், கி.பி. 870இல், மறைந்த அவர்கள் அந்த நூலை அலிஃபிலிருந்து தொடங்கவில்லை. முதலில் முஹம்மது என்ற பெயருடையோர் அனைவரையும் தனியே வைத்தார்கள். நபி (ஸல்) அவர்களின் பெயருக்குச் செய்த கண்ணியம் அது. அந்தப் பெருங்கூட்டத்துக்குள்ளே தேடுவதற்கு, தகப்பனார் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு வரிசைப்படுத்தினார்கள். அதன் பிறகே அலிஃப். இரு நூற்றாண்டுகள் கழித்து, பக்தாதின் வரலாற்றை எழுதிய கதீப் அல்பக்தாதியும் முஹம்மதுகளை முன்னே நிறுத்தியே தம் பெயர்வரிசையைத் தொடங்கினார்.

ஆகவே சிவகாசிக்கு ஆர்டர் கொடுக்கும்போது இப்படிச் சொல்லலாம்: முதற்பட்டை ‘முஹம்மது’, எப்படி எழுதியிருந்தாலும் அனைவரும் அதில், அதற்கு மற்றவற்றைப்போல் நான்கு மடங்கு தாள், அதற்குள் தகப்பனார் பெயரின் எழுத்துக்கு ஒரு சிறு உள்வரிசை. அடுத்த பட்டை ‘அ, ஆ’. மர்யம், மும்தாஜ், மைதீன் முதலானோருக்கு ‘ம’ அதன் இடத்தில். டை செய்யும் தொழிலாளி ஏன் ‘ம’ இரண்டு இடத்தில் வருகிறது என்று கேட்டால், காரணத்தைச் சொல்லுங்கள். தவறென்று எண்ணி அவர் சரிசெய்துவிடக் கூடும்.